அட்டை வராத வீடுகள்

பேராசிரியர் உமையாள் வகுப்பில் யாரையும் அழவைத்ததில்லை. முப்பது வருடமாகச் சிரிக்கவைத்தே பாடம் நடத்துகிறவர் என்று பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரில் அவருக்குள் ரகசியமாக ஒரு பெருமையும் இருந்தது. கடைசியில் அவரைக் குப்புறக் கவிழ்த்தது அந்தச் சிரிப்புதான்.

பாடத்தின் பெயர் 'உலகப் புற்றுநோய்ப் பராமரிப்பும் கொள்கையும்'. முதுகலை முதலாண்டு, நாற்பத்திரண்டு மாணவர்கள். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதுமே துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்துவிடும் பிள்ளைகளை நிமிரவைக்க உமையாள் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் வகுப்புக்கு ஊதுபெட்டியைக் கொண்டுவரச் சொல்வார். ஒருவர் விடாமல் எல்லாரும் ஊத வேண்டும்.

ஊதுபெட்டி புழக்கத்துக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, அதில் ஒரு குழாய். பத்து விநாடி ஊதினால் போதும். உடம்பில் எங்காவது கடுகளவு கட்டி முளைத்திருந்தால், அது வலிக்க ஆரம்பிப்பதற்கு நாலைந்து வருடம் முன்பே மூச்சில் பிடித்துவிடும். ரேஷன் கடைக்கு ஒன்று வைக்குமளவுக்கு மலிவு. மலிவாகாதது சிகிச்சைதான்.

"அதனால என்ன ஆகியிருக்கும்? சொல்லுங்க பாப்போம்," என்று உமையாள் அன்று கேட்டார்.

மூன்றாவது வரிசையிலிருந்து ரியாஸ் என்ற மாணவன் எழுந்தான். "நோய் இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும் மேடம். வைத்தியம் கிடைக்காது."

"அதேதான். ஒரு நாட்டுல மூணு கோடிப் பேருக்கு ரெண்டே ரெண்டு கதிர்வீச்சு மெஷின். பெட்டி போன முதல் வருஷமே ஒன்றரை லட்சம் பேர் கையில 'உனக்கு நோய் இருக்கு'ன்னு சீட்டைக் குடுத்துட்டாங்க. ஜனங்க வீட்டை வித்துட்டு, மாட்டை வித்துட்டு, தலைநகரத்துக்குக் கிளம்பிட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல மிதிபட்டே நூத்துக்கணக்குல செத்தாங்க. அந்த ரெண்டு மெஷினையும் அடிச்சு நொறுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் வந்ததுதான் அறிவிக்காமை விதி. சிகிச்சை எட்டாத பகுதியில முடிவை வெளிய சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரி வரட்டும், அப்புறம் சொல்லலாம். இன்னிக்குப் பதினோரு நாட்டுல இது சட்டம்."

"யார் மேடம் இதை எழுதினது?"

உமையாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எழுதினவங்க முன்னாடியே உக்காந்துக்கிட்டு இப்படிக் கேக்கலாமா தம்பி?"

வகுப்பு சிரித்தது, கை தட்டியது. நம் நாட்டின் விதியை எழுதிய குழுவில் உமையாள்தான் தலைமை. வார்த்தைகள் எல்லாம் அவருடையவை. மேல்மலைத் தாலுகாவில் நாலு வருடம் ஆய்வு நடத்தி, விதியால் மக்களிடம் பதற்றம் இல்லை என்று காட்டியவரும் அவரே. அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் மற்ற நாடுகள் விதியை வாங்கிக்கொண்டன. மார்ச் மாதம் நைரோபியில் அதற்கென்றே ஒரு மாநாடு, அதற்கும் அவரே தலைவர்.

பிறகு ஊதும் படலம் தொடங்கியது. ஆய்வக உதவியாளர் குணசீலன் வருகைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பெட்டியின் முகப்பில், ஊதியவர் பார்க்கிற இடத்தில், எல்லாருக்கும் ஒரே வரிதான் வந்தது: குறிப்பு ஏதுமில்லை. நகரத்துக்காரர்களுக்கு உண்மையிலேயே ஏதுமில்லை. மாணவர்கள் ஊதிவிட்டு, பரீட்சையில் தேறியவர்கள் போலக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனார்கள்.

"மரிய சுகந்தி," என்றார் குணசீலன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, தோளில் சாம்பல் நிற ஸ்வெட்டர். மேல்மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருப்பவள். விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அதற்கு மேல் அவளைப் பற்றி உமையாளுக்கு ஒன்றும் தெரியாது.

"நான் ஊதல மேடம்."

"ஏம்மா?"

"இன்னிக்கு வேண்டாம் மேடம். இன்னொரு நாள் ஊதுறேன்."

அங்கேயே விட்டிருக்கலாம். நாற்பத்தோரு பேர் ஊதினால் பாடம் கெட்டுவிடாது. ஆனால் வகுப்பு சூடு பிடித்திருந்தது, கைதட்டலின் சத்தம் இன்னும் காதில் இருந்தது. உமையாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மலைக் காத்தைக் குடிச்சு வளந்த பொண்ணு. உனக்கா மூச்சுக்குப் பஞ்சம்?" என்றார்.

கூரை அதிரச் சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. "மேடம், ப்ளீஸ்," என்றாள்.

"ஊதினாத்தான் அகமதிப்பீட்டுல அஞ்சு மார்க். ஒரு குழாயில ஊதப் பயப்படுறவங்க நாளைக்கு உலகத்துக்குக் கொள்கை எழுதப் போறீங்களாக்கும்?"

அவள் நடந்து வந்தாள். குழாயை வாயில் வைப்பதற்கு முன் உமையாளை ஒருமுறை பார்த்தாள். கோபமில்லாத பார்வை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் சாலையைப் பார்ப்பார்களே, அப்படி இருந்தது. பத்து விநாடி ஊதினாள். முகப்பில் அதே வரி வந்தது. குறிப்பு ஏதுமில்லை.

பெட்டியின் பின்பக்கம் சோதனை நடத்துபவருக்கென்று ஒரு சிறிய திரை உண்டு. நோய் இல்லாதவர்களுக்கு அதில் பச்சைக் குறி விழும். மறைக்கப்பட்ட முடிவுக்கு ஒரு வெற்று வட்டம். சிவப்பு வேண்டாம், பார்க்கிற அலுவலர்கள் முகம் மாறிவிடும் என்று குழுவில் வாதாடி அந்த வெற்று வட்டத்தைத் தேர்ந்தெடுத்தவரும் உமையாள்தான். பன்னிரண்டு வருடமாக வகுப்பில் பச்சையை மட்டுமே பார்த்துப் பழகிய கண் அது. சுகந்தியின் பெயருக்கு நேரே வட்டம் விழுந்தது.

உமையாளின் முகம் மாறவில்லை. அவர் தேர்ந்தெடுத்த வட்டம் நன்றாகவே வேலை செய்தது. "அடுத்தது யாருப்பா?" என்றார்.

வகுப்பு முடிந்து பெட்டியை உறையில் போடும்போது குணசீலன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "மேடம், இது பயிற்சிச் சோதனைதானே. ரத்து பண்றதா இருந்தா பத்து நாளைக்குள்ள நீங்க கையெழுத்துப் போடணும். பண்ணிடவா?"

"எதுக்கு? இருந்துட்டுப் போகட்டும்," என்று வழக்கமாகச் சொல்வதையே அவரும் சொன்னார். ரத்து செய்தால் கட்டி கரைந்துவிடுமா என்ன என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வி புத்திசாலித்தனமாக இருப்பதாகக்கூட அப்போது தோன்றியது.

அடுத்த வகுப்பில் சுகந்தி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நேர் எதிரே. உமையாள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தால் அவள் முகம்தான். நாலு மாதமாகக் கடைசி வரிசையை விட்டு அசையாதவள் ஏன் முன்னால் வந்தாள் என்று யோசித்து, தன் கிண்டல் அவளுக்குத் துணிச்சல் கொடுத்திருக்கிறது, பாடத்தில் ஆர்வம் வந்துவிட்டது என்று உமையாள் தனக்குத்தானே விடை சொல்லிக்கொண்டார். அப்படி நினைக்க வசதியாக இருந்தது.

சொல்லலாமா என்ற எண்ணம் வராமலில்லை. தினமும் வந்தது. சொன்னால் குற்றம், வேலை போகும், அது ஒன்று. நகர மருத்துவமனைகளில் சிகிச்சை வரிசையை நடத்தும் கணினி முகவரியைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும், மேல்மலை முகவரிக்குத் திறக்காது. அப்படியிருக்கச் சொல்லி என்ன பயன், வீணாக ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுப்பதா? இது இரண்டாவது. இரண்டும் நியாயமான காரணங்கள். ஆனால் உமையாளுக்குத் தன்னைத் தெரியும். உண்மையான காரணம் மூன்றாவது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒத்துக்கொண்டால், மற்றவர்களிடம் சொல்லாமல் விட்டது தப்பு என்று ஆகிவிடும். மேல்மலையில் மட்டும் ஆயிரத்து நானூறு வட்டங்கள். அவற்றில் ஒன்றுக்கு இப்போது முகம் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்தினார்.

பத்தாம் நாள் மாலை நூலகப் படியில் சுகந்தி உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். உமையாள் வீட்டுக்குப் போகிற வழி அதுதான். சட்டென்று திரும்பி, சைக்கிள் கொட்டகைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். ஐம்பத்தெட்டு வயதில், கடன்காரனைக் கண்டவர் மாதிரி.

பதினோராம் நாள் காலை நைரோபி உரையைச் சத்தமாகப் படித்துப் பார்க்க உட்கார்ந்தார். 'நோயுற்றவர் கடைசி வரை இயல்பு வாழ்க்கை வாழ்கிறார்' என்ற வரியில் நாக்கு நின்றுவிட்டது. மூன்று தடவை முயன்றார். பிறகு குணசீலனிடம் சொல்லிச் சுகந்தியைத் தன் அறைக்கு அழைத்துவரச் செய்தார்.

அவள் வந்து கதவருகே நின்றாள். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"சுகந்தி, நான் சொல்லப் போறது சட்டப்படி தப்பு," என்று உமையாள் ஆரம்பித்தார். "அன்னிக்குப் பெட்டியில உனக்கு வந்த முடிவு..."

"வட்டமா மேடம்?"

வட்டம் என்ற ஒன்று இருப்பதே குழுவுக்கும் சோதனை அலுவலர்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும் மேடம்," என்றாள் சுகந்தி. "பெட்டியை வச்சிருக்கிற ரேஷன் கடைக்காரரு எங்க சித்தப்பா முறை. ஆனா அவரு சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. ஊதினவங்களுக்கு அட்டை வரும்ல, அடுத்த வருஷம் இதே தேதிக்கு வாங்கன்னு. வட்டம் விழுந்தவங்களுக்கு அது வராது."

வராதுதான். முடிவு தெரிந்துவிட்டவரை மறுபடி ஊதவைப்பது வீண் வேலை என்று அட்டைப் பட்டியலிலிருந்து அவர்களை நீக்கியது உமையாளின் குழு. கோப்பில் ஒரு சின்னக் கையெழுத்து. அதற்குப் பின்னால் இப்படி ஒன்று இருக்கும் என்று குழுவிலிருந்த படித்த ஒன்பது பேருக்கும் தோன்றவில்லை.

"மூணு மாசம் பாப்போம். அட்டை வரலேன்னா புரிஞ்சுக்குவோம். யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. தேயிலை மூட்டையை அவங்களைத் தூக்க விட மாட்டாங்க, அவ்வளவுதான். அக்கம்பக்கத்துல முட்டை இருந்தா வாசல்ல வச்சுட்டுப் போவாங்க. எங்க லைன் வீடுகள்ல போன வருஷம் நாலு வீட்டுக்கு அட்டை வரல. எங்க வீட்டுல எனக்கு வரல."

"ஆனா... நாங்க ஆய்வுக்கு வந்தப்ப வீடு வீடாக் கேட்டோமே. கவலை இருக்கான்னு கேட்டதுக்கு நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேர் இல்லைன்னு..."

"ஆமா மேடம். அவ்வளவு தூரம் ஜீப்புல வந்திருக்கீங்க. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எப்படி எங்க கஷ்டத்தைச் சொல்றது? கட்டன் சாயா போட்டுக் குடுத்து, நல்லா இருக்கோம்னு சொல்லி அனுப்பினோம்."

உமையாளுக்கு அந்தச் சாயா நினைவு வந்தது. பால் இல்லாமல் வெல்லம் போட்டது. நன்றாக இருக்கிறதே என்று இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்திருந்தார். முகம் முழுக்கச் சூடாகி, காது மடல் வரை எரிந்தது. பதினோரு நாடுகளின் சட்டம், மலைக்காரர்கள் விருந்தாளிக்குக் காட்டிய மரியாதையின்மேல் நின்றுகொண்டிருந்தது.

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?" என்று கேட்டார். கேட்டதும் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"பேசக் கூடாதே மேடம். நீங்க எழுதினதுதான். நோய் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு டவுனுக்கு வந்தவங்களுக்கு வரிசையில இடம் நிரந்தரமாக் கிடையாது. தெரியாம வந்தவங்களுக்கு உண்டு, ஆறு மாசம் இங்க தங்கியிருந்தா முகவரி மாறிடும். ஆனா அந்த ஆறு மாசத்துக்குள்ள ஊதினா, அது பழைய முகவரியில ஏறும். ஊதின நாள்லேருந்து மறுபடி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணணும்." அவள் ஸ்வெட்டரின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "நான் ஜூலையில வந்தேன். படிப்புக்குன்னு வந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நாலு மாசம் முடிஞ்சிருந்துச்சு. ஜனவரியில முகவரி மாறியிருக்கும். இப்போ மே."

அந்த விதி உமையாளுக்கு வரிக்கு வரி மனப்பாடம். நகரத்துக்குக் கூட்டம் வராமலிருக்க அவரே போட்ட வேலி. சுகந்தி ஊத மறுத்தபோது அவருக்கு ஏன் அது நினைவுக்கு வரவில்லை? வட்டம் விழுந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று தானே எழுதியதைத் தானே நம்பிவிட்டதால்தான். அறியாதவள் நாள் எண்ணிக்கொண்டிருக்க மாட்டாள் அல்லவா?

மூச்சுக்குப் பஞ்சமா என்று கேட்ட தன் குரல் காதில் கேட்டது. அதற்குப் பின்னால் வந்த சிரிப்பும்.

"ரத்து பண்ணிடலாம்," என்று பரபரப்பாக மேசையிலிருந்த கைக்கணினியை இழுத்தார். "பயிற்சிச் சோதனைதானே. நான் கையெழுத்துப் போட்டா அது கணக்குலயே வராது. நீ ஊதவே இல்லைன்னு ஆயிடும்." விண்ணப்பத்தைத் திறந்தார். அவகாசம் நேற்று மாலை ஐந்து மணியுடன் முடிந்தது என்று அது சொன்னது.

"தெரியும் மேடம்," என்றாள் சுகந்தி. "குணசீலன் சார் அன்னிக்குச் சொன்னது காதுல விழுந்துச்சு. பத்து நாள்னு. நானா வந்து ரத்து பண்ணுங்கன்னு கேட்டா ஏன்னு கேப்பீங்க, எனக்குத் தெரியும்கிறது வெளிய வந்துடும். உங்களுக்கா மனசு வந்து செஞ்சா உண்டு. அதான் முன்னாடி பெஞ்சுல வந்து உக்காந்தேன். தினமும் முகத்தைப் பாத்தாலாவது தோணும்னு." பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "நேத்து அஞ்சு மணி வரைக்கும் லைப்ரரி படியில இருந்தேன். நீங்க அந்த வழியாத்தான் போவீங்கன்னு. நீங்க சைக்கிள் ஷெட் பக்கமா போயிட்டீங்க."

அவள் பார்த்திருக்கிறாள். உமையாளுக்கு எங்காவது போய் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மறைக்க இடமில்லை, அது அவருடைய சொந்த அறை. சுவரில் விருதுகள் மாட்டியிருந்தன.

"நான் குழுவுக்கு எழுதுறேன். உன் பேரைப் போட்டு, நடந்ததையெல்லாம்..."

"வேண்டாம் மேடம்." முதல் முறையாக அந்தக் குரல் உயர்ந்தது. "பேரைப் போட்டா எனக்குத் தெரியும்னு ஆயிடும். அப்புறம் மே மாசமும் கிடையாது, எப்பவும் கிடையாது. நீங்க முதல்ல சொன்னதாலதான் நானும் வாயைத் திறந்தேன். இதை நாம ரெண்டு பேருமே வெளிய விடக் கூடாது."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

சுகந்தி எழுந்துகொண்டாள். கேட்டவர் மனம் நோகாமல் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று யோசித்த மாதிரி இருந்தது.

"மே வரைக்கும் என்னை ஊதச் சொல்லாம இருங்க மேடம்," என்றாள். "அது போதும்."

அடுத்த வகுப்பில் அவள் கடைசி வரிசைக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

உமையாள் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார், பெயர் எதுவும் போடாமல். மேல்மலை ஆய்வு தவறு, விதியைத் திரும்பப் பெற வேண்டும் என்று. மூன்றே நாளில் மரியாதையான பதில் வந்தது: தங்கள் அறிக்கையே இதற்குப் பதிலளிக்கிறது, பக்கம் பதினான்கு காண்க, மக்களிடம் பதற்றம் காணப்படவில்லை. வேறு ஆதாரம் இருந்தால் பெயர் விவரங்களுடன் அனுப்பவும். நைரோபிக்கு வர இயலாது என்றும் எழுதினார். அவர் இல்லாவிட்டாலும் அவருடைய உரை வாசிக்கப்படும் என்றார்கள் மாநாட்டுக்காரர்கள்.

டிசம்பரில் பருவத் தேர்வு. வினாத்தாளை உமையாள் ஆகஸ்டிலேயே அச்சுக்குக் கொடுத்திருந்தார். பத்து மதிப்பெண் வினா ஒன்று: அறிவிக்காமை விதியின் மூன்று நன்மைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

விடைத்தாள்கள் பெயரில்லாமல் எண்களோடுதான் வரும். ஆனால் இருபத்தேழாவது தாளில் எடுத்துக்காட்டைப் படித்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மற்ற எல்லாரும் பாடக்குறிப்பில் இருந்தபடி தாலுகா என்று மட்டும் எழுதியிருக்க, இதில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயரும் லைன் எண்ணும் இருந்தன. மீதி எல்லாம் உமையாளின் வாக்கியங்கள். முதலாவது, மருத்துவமனைகளில் நெரிசல் தவிர்க்கப்படுகிறது. இரண்டாவது, மக்களிடம் பதற்றம் காணப்படவில்லை. மூன்றாவது, நோயுற்றவர் கடைசி வரை இயல்பு வாழ்க்கை வாழ்கிறார். உருண்டையான, அழகான கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை.

உமையாள் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஏதாவது ஒரு சொல் குறைந்திருக்காதா, அரை மதிப்பெண்ணாவது பிடிக்க ஒரு வழி கிடைக்காதா என்று திரும்பத் திரும்பப் படித்தார். கிடைக்கவில்லை. விடை முழுக்கச் சரி.

பத்துக்குப் பத்து போட்டார். திருத்தியவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட வேண்டியிருந்தது. போட்டார்.